வீடியோ திக்கினால் லப்டொப்பை மாற்றச் சொல்லாதீர்கள்

"அண்ணே, வீடியோ திக்குது. ஃபேன் கத்துது. மெஷின் செத்துருச்சா?"

நோர்வூட்டில் என் கைக்கு வரும் லப்டொப்புகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியோடுதான் வருகின்றன. என்னிடம் வரும் முன் வேறெங்காவது காட்டியிருப்பார்கள். அங்கே, "பழைய மொடல், இனி ஒன்னும் செய்ய ஏலாது, வேற எடுங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அந்த "வேற எடுங்க"வுக்கு மறுப்பாகத்தான் இவ்வளவு நீண்ட பதிவை எழுதுகிறேன்.

வேறு எடுப்பது என்றால் இங்கே என்ன அர்த்தம் என்று முதலில் பார்ப்போம். தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்து, 2021 மார்ச்சில்தான் அது வர்த்தமானிக்கு வந்தது. அடுத்த ஆண்டே டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியது. இறக்குமதியாகும் லப்டொப்பின் விலையும் அதோடு சேர்ந்தே ஏறியது. நாளும் பேர் போட்டு, கொழுந்து குறைந்த நாளில் அரைப்பேரோடு திரும்பி, கடைக்கடன் போக மிஞ்சியதைச் சேர்த்து வைக்கும் ஒரு வீட்டில், உயர்தரம் படிக்கும் பிள்ளைக்குப் புது லப்டொப் என்பது மாதக்கணக்கான கணக்கு. ஆகவே "வேற எடுங்க" என்று சொல்லும் முன், கையில் இருக்கும் மெஷினில் உண்மையில் என்ன கெட்டிருக்கிறது என்று பார்ப்பது நம் கடமை. பெரும்பாலும் எதுவும் கெட்டிருப்பதில்லை.

நான் அதிகம் பார்ப்பவை கொழும்பு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த மெஷின்கள். அட்டன் வழியாக மலையேறி, டிக்கோயா தாண்டி இங்கே வருகின்றன. இன்டெல் மூன்றாம், நான்காம், சிலவேளை ஆறாம் தலைமுறை ஐ5. நாலு ஜிபி ரேம். 1366க்கு 768 திரை. 2025 அக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே உத்தியோகபூர்வமாக ஏறாது. அதனால் இந்த மெஷின்களுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுப்பது இப்போது சாதாரண விடயமாகிவிட்டது. லினக்ஸ் மின்ட் போட்டவுடன் மெஷின் சுறுசுறுப்பாகிவிடும். பிள்ளை சந்தோஷமாக வீட்டுக்குக் கொண்டுபோகும். இரண்டு நாளில் ஃபோன் வரும். எல்லாம் வேகமாக ஓடுகிறது, யூடியூப் மட்டும் திக்குகிறது.

இங்கேதான் நிதானம் வேண்டும். திக்குவதற்குக் காரணம் இரண்டில் ஒன்று: டேட்டா வந்து சேரவில்லை, அல்லது வந்து சேர்ந்த டேட்டாவை மெஷினால் நேரத்துக்கு விரித்துக் காட்ட முடியவில்லை. நம் பக்கத்தில் சிக்னலைத் திட்டுவது எல்லோருக்கும் பழக்கம். திட்டுவதில் நியாயமும் இருக்கிறது. மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் வீதி பிரியும் சந்தியில் நன்றாக இருக்கும் சிக்னல், இரண்டு வளைவு தாண்டிப் பள்ளத்தில் இருக்கும் லயத்தில் இருக்காது. ஆனால் ஊகிக்கத் தேவையில்லை. யூடியூப் வீடியோவின் மேல் வலது சொடுக்கு போட்டால் கடைசியில் "ஸ்டாட்ஸ் ஃபோர் நேர்ட்ஸ்" என்று ஒரு வரி இருக்கும். அதைத் திறந்து மூன்றே இடத்தைப் பாருங்கள். "பஃபர் ஹெல்த்" என்பது எத்தனை விநாடிக்கான வீடியோ முன்கூட்டியே வந்து காத்திருக்கிறது என்று சொல்லும். அது பூச்சியத்துக்குப் பக்கத்தில் ஆடினால் குற்றம் சிக்னலுடையது. லப்டொப்பைத் தொட வேண்டாம். பஃபர் நிறைய இருந்தும் படம் திக்கி, "ட்ரொப்ட் ஃபிரேம்ஸ்" எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் விஷயம் மெஷினுக்குள். மூன்றாவது இடம் "கொடெக்ஸ்". அதற்குத்தான் இப்போது வருகிறேன்.

1080பி வீடியோவில் ஒரு சட்டகத்துக்கு இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். விநாடிக்கு 30 சட்டகம் என்றால் ஆறு கோடியே இருபது இலட்சம் புள்ளிகளை மெஷின் ஒவ்வொரு விநாடியும் கணித்து எடுக்க வேண்டும். இதை அப்படியே இணையத்தில் அனுப்பினால் எந்த பெக்கேஜும் தாங்காது. அதனால் சுருக்கி அனுப்புகிறார்கள். சுருக்கும் முறைதான் கொடெக். சுருங்கி வந்ததை விரிக்க மெஷினில் இரண்டு வழி உண்டு. ஒன்று, சிபியூவே மென்பொருள் மூலம் கணக்குப்போட்டு விரிப்பது. மற்றது, ஜிபியூவோடு சேர்த்து அச்சிட்டிருக்கும் தனிச் சுற்று விரிப்பது. தேயிலை ஃபெக்டரியின் ரோலர் மாதிரி அந்தச் சுற்று: அமைத்த ஒரு வேலையை மிகக் குறைந்த செலவில் செய்யும், வேறு எதையும் செய்யாது. சுற்று வேலை செய்தால் சிபியூ சும்மா இருக்கும், ஃபேன் அடங்கும், பெட்டரி நிற்கும். சுற்று சும்மா இருந்தால் முழுச் சுமையும் சிபியூ தலையில். ஜூலை மழையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நோர்வூட் இரவில்கூட லப்டொப் ஃபேன் கத்துகிறது என்றால், காரணம் இதுதான்.

இனி ஆண்டுகளைக் கவனியுங்கள். எச்.264 கொடெக் 2003இல் வந்தது. விபி9 2013இல். ஏவி1 2018இல். மூன்றாம் தலைமுறை இன்டெல் சிப் 2012இல் வெளியானது. அதை வடிவமைத்தபோது விபி9 முடிவாகியிருக்கவே இல்லை. ஆகவே இரண்டாம், மூன்றாம், நான்காம் தலைமுறைகளின் சுற்றுக்கு எச்.264 நன்றாகத் தெரியும், விபி9 தெரியாது. ஆறாம் தலைமுறையில் எச்.264க்கு அடுத்த கொடெக்கான எச்இவிசி வந்தது, விபி9 அரைகுறை. ஏழாம் தலைமுறையில்தான் விபி9 முழுமையாகச் சுற்றுக்குள் வந்தது. ஏவி1 இன்னும் பின்னால், 2020இல் வந்த பதினோராம் தலைமுறையில். உங்கள் மெஷின் எந்தத் தலைமுறை என்று தெரிய, ஐ5க்குப் பின்னால் வரும் நான்கு இலக்க எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள். 3320 என்றால் மூன்று, 6300 என்றால் ஆறு.

யூடியூப் பெரும்பாலும் அனுப்புவது விபி9 அல்லது ஏவி1. அவை டேட்டா குறைவாகப் பிடிக்கும், அனுப்புகிறவருக்கும் பார்க்கிறவருக்கும் நல்லது. அதே வீடியோவுக்கு எச்.264 பிரதியும் 1080பி வரை அங்கே இருக்கிறது. பிரௌசர் "எனக்கு விபி9 தெரியும்" என்று சொல்லிவிட்டால் அதுதான் வரும். பிரௌசர் பொய் சொல்லவில்லை. மென்பொருளால் விரிக்க அதற்குத் தெரியும். அந்த வேலை எந்தச் சிபியூவின் முதுகில் விழுகிறது என்பதுதான் கணக்கில் வருவதில்லை.

பொகவந்தலாவைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து உயர்தரம் உயிரியல் படிக்கும் ஒரு தங்கச்சி கொண்டுவந்த மெஷின் இதற்குச் சரியான உதாரணம். மூன்றாம் தலைமுறை ஐ5, லினக்ஸ் மின்ட், ஃபயர்ஃபொக்ஸ். மாமா கொழும்பில் வேலை செய்த இடத்தில் கழித்தபோது வாங்கிக் கொடுத்தது. டியூஷன் வீடியோ 1080பியில் ஓடிக்கொண்டிருந்தது. கொடெக் வரியில் "விபி09" என்று தொடங்கியது. பஃபர் தாராளம், ட்ரொப்ட் ஃபிரேம்ஸ் ஏறிக்கொண்டே போகிறது. அப்படியானால் சிப்பும் சரி, சிக்னலும் சரி. சிப்புக்குத் தெரியாத கொடெக் வந்து கொண்டிருக்கிறது. "எச்264இஃபை" என்று ஃபயர்ஃபொக்ஸுக்கு ஒரு சின்ன நீட்சி உண்டு. அதைப் போட்டால் பிரௌசர் விபி9, ஏவி1 தெரியாதது போல நடந்துகொள்ளும், யூடியூப் எச்.264 அனுப்பும். போட்டுவிட்டுப் பக்கத்தை மீண்டும் திறந்தோம். கொடெக் வரி "ஏவிசி1" என்று மாறியது. அது எச்.264இன் பெயர். தரத்தை 720பிக்கு இறக்கினோம். ஃபேன் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மெஷினில் ஒரு திருகுகூடக் கழற்றவில்லை.

720பிக்கு ஏன் இறக்கினோம் என்று அந்தத் தங்கச்சியும் கேட்டது. திரையே 1366க்கு 768தான். அதில் 1080பி போட்டால், மெஷின் 720பியைவிட இரண்டேகால் மடங்கு புள்ளிகளைக் கஷ்டப்பட்டு விரித்து, பிறகு திரைக்கு ஏற்றபடி சுருக்கிக் காட்டும். கண்ணுக்கு ஒரு லாபமும் இல்லை. டேட்டாவும் சேர்ந்து போகிறது. இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்தாலே பாதிப் பேரின் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று அனுபவத்தில் சொல்கிறேன்.

எல்லா மெஷினிலும் இவ்வளவு சுலபமாக முடிவதில்லை. எச்.264 வந்தும் ஃபேன் கத்தினால், சுற்றுக்கும் பிரௌசருக்கும் நடுவில் இருக்கும் வழியைப் பார்க்க வேண்டும். லினக்ஸில் அந்த வழியின் பெயர் விஏ-ஏபிஐ. டேர்மினலில் "விஏஇன்ஃபோ" என்ற கட்டளையை ஓட்டினால், உங்கள் சிப்பின் சுற்றுக்கு எந்தெந்தக் கொடெக் தெரியும் என்று வரிசையாகக் காட்டும். எச்264 என்ற பெயருள்ள வரியின் முடிவில் "விஎல்டி" என்று இருந்தால், அந்தக் கொடெக்கை விரிக்கச் சுற்று தயார். "என்க்ஸ்லைஸ்" என்று முடியும் வரிகள் வீடியோவைச் சுருக்குவதற்கானவை. பார்ப்பதற்கு அவை தேவையில்லை, அவற்றைப் பார்த்து மயங்க வேண்டாம்.

வரிசையே வராமல் பிழைச்செய்தி வந்தால் டிரைவர் இல்லை, அல்லது தவறான டிரைவர் ஏறியிருக்கிறது. இன்டெல்லுக்கு இரண்டு டிரைவர்கள் உண்டு. பழையது ஐ965. புதியது ஐஎச்டி. ஐந்தாம் தலைமுறையிலிருந்து ஐஎச்டி வேலை செய்யும். நான்காம் தலைமுறையும் அதற்குக் கீழேயும் ஐ965 மட்டும்தான். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பல புது மெஷின் வைத்திருப்பவர்கள் எழுதியவை. அவர்கள் ஐஎச்டியைப் போடச் சொல்வார்கள். மூன்றாம் தலைமுறை வைத்திருக்கும் நம் பிள்ளை அதை அப்படியே செய்துவிட்டு, விஏஇன்ஃபோ பிழை காட்டுகிறது, சிப் செத்துவிட்டது என்று நினைக்கும். ஐ965 பொதியைப் போட்டதும் வரிசை வந்துவிடும். இரண்டும் ஏறியிருந்து தவறானதைப் பிடித்துக்கொண்டால், "லிப்விஏ டிரைவர் நேம்" என்ற சூழல் மாறியில் எந்த டிரைவர் வேண்டும் என்று எழுதி வைக்கலாம். உபுண்டு, மின்ட், டெபியன் மூன்றிலும் பொதி நிறுவியில் "விஏ டிரைவர்" என்று தேடினாலே இரண்டும் முன்னால் வந்து நிற்கும்.

ஏஎம்டி மெஷின்களில் டிரைவர், மேசா என்ற லினக்ஸ் கிராபிக்ஸ் தொகுப்போடு சேர்ந்தே வரும், அதனால் தொல்லை குறைவு. ஆனால் ஃபெடோரா போட்டிருந்தால் கவனம்: காப்புரிமைச் சிக்கலால் 2022இலிருந்து அதன் மேசாவில் எச்.264, எச்இவிசி விரிப்பை நீக்கியிருக்கிறார்கள். ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியத்திலிருந்து அந்தப் பகுதியைத் தனியாகப் போட வேண்டும். என்விடியா இங்கே எனக்கு அபூர்வமாகத்தான் வருகிறது. அதற்கு விஏ-ஏபிஐ நேரடியாக இல்லை, நடுவில் ஒரு பாலம் போட வேண்டும். இன்டெல் ஜிபியூவும் கூடவே இருக்கும் மெஷின் என்றால் வீடியோவுக்கு அதையே விட்டுவிடுவது நிம்மதி.

அடுத்தது பிரௌசர். 2020 மார்ச்சில் நாட்டின் பள்ளிக்கூடங்கள் எல்லாம் மூடப்பட்டன. நம் பிள்ளைகள் மலையுச்சிக்கும் வீதியோரத்துக்கும் ஃபோனைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடி ஏறினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த ஃபயர்ஃபொக்ஸ் 80இல்தான், லினக்ஸில் அப்போது அதிகம் புழங்கிய எக்ஸ்11 சூழலில் சுற்றின் மூலம் வீடியோ விரிக்கும் வசதி கிடைத்தது. அதுவும் அமைப்புக்குள் போய் நாமே திருப்பிவிட்டால்தான். ரெட் ஹாட்டைச் சேர்ந்த மார்டின் ஸ்ட்ரான்ஸ்கி என்ற பொறியியலாளரின் உழைப்பு அதில் பெரியது. 2023 ஜூலையில் வந்த 115ஆம் பதிப்பில் இன்டெல் மெஷின்களுக்கு அது தானாகவே இயங்கத் தொடங்கியது. ஏஎம்டிக்கு 2025 மார்ச்சில், 136ஆம் பதிப்பில். விண்டோஸில் எப்போதோ சாதாரணமாகிவிட்ட ஒன்று லினக்ஸில் இவ்வளவு தாமதித்ததற்கு, ஒரே வேலைக்குப் போட்டியாக இரண்டு வழிகள் இருந்ததும், திரைச்சூழல்கள் இரண்டாகப் பிரிந்து கிடந்ததும், டிரைவர் பிழைகளுக்குப் பயந்து பிரௌசர்காரர்கள் கதவைச் சாத்தியே வைத்திருந்ததும் காரணங்கள். ஒரு பழைய லப்டொப் 2019இல் லினக்ஸில் திக்கியது என்றால் அது வேறு காலம். இன்று அதே மெஷினில் பிரௌசரைப் புதுப்பித்துவிட்டு மறுபடி பாருங்கள்.

ஃபயர்ஃபொக்ஸில் முகவரிப் பெட்டியில் "அபவுட்", முக்காற்புள்ளி, "சப்போர்ட்" என்று அடித்தால் ஒரு பெரிய பக்கம் திறக்கும். "மீடியா" என்ற பகுதிக்கு இறங்கினால் ஒவ்வொரு கொடெக்குக்கும் நேரே, மென்பொருளால் முடியுமா, வன்பொருளால் முடியுமா என்று அட்டவணை இருக்கும். விஏஇன்ஃபோவில் எச்264 இருந்து, இந்த அட்டவணையில் வன்பொருள் இல்லை என்று வந்தால், தடுப்பது பிரௌசர். அப்போது அமைப்புப் பக்கத்தில் "ஹார்ட்வெயார் வீடியோ டிகோடிங் ஃபோர்ஸ் எனேபிள்ட்" என்று தேடி அதை உண்மை என்று மாற்றலாம். மாற்றிய பிறகு படம் பச்சையாக வந்தாலோ பிரௌசர் விழுந்தாலோ, பிடிவாதம் பிடிக்காமல் திருப்பி வைத்துவிடுங்கள். டிரைவர் பிழைக்குப் பயந்துதான் அந்தத் தடையை வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு மறைந்த இடம் இருக்கிறது. உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபொக்ஸ் ஸ்னாப் பொதியாகத்தான் வருகிறது. ஸ்னாப், ஃப்ளட்பக் இரண்டும் பாதுகாப்புக்காகப் பிரௌசரை ஒரு வேலிக்குள் வைத்து ஓட்டுபவை. வெளியே நீங்கள் போட்ட டிரைவரை உள்ளே இருக்கும் பிரௌசர் எடுத்துக்கொள்வதில்லை. வேலிக்குள்ளேயே அதற்கான டிரைவர் இருக்க வேண்டும். விஏஇன்ஃபோவில் எல்லாம் சரியாக இருந்தும் பிரௌசரில் ஒன்றும் இல்லை என்று குழம்புகிறவர்கள் முதலில் இதைச் சந்தேகிக்க வேண்டும். மொஸில்லாவே 2024 ஜனவரி முதல் டெபியன் வகைப் பொதியைத் தன் சொந்தக் களஞ்சியத்தில் தருகிறது. அதைப் போட்டால் வேலிப் பிரச்சினையே இல்லை. மின்டில் ஃபயர்ஃபொக்ஸ் ஏற்கெனவே சாதாரணப் பொதியாகவே வருகிறது. பழைய மெஷினுக்கு நான் மின்டைத் தேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

குரோம், குரோமியம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவற்றுக்குள் ஜிபியூ நிலை காட்டும் பக்கமும், ஓடும் வீடியோவை எது விரிக்கிறது என்று பெயரோடு காட்டும் மீடியா இன்டர்னல்ஸ் பக்கமும் இருக்கின்றன. "விஏஏபிஐ வீடியோ டிகோடர்" என்றிருந்தால் சுற்று வேலை செய்கிறது. "எஃப்எஃப்எம்பெக்" அல்லது "டேவ்1டி" என்றிருந்தால் சிபியூ. ஆனால் லினக்ஸில் இதை இயக்கத் தேவையான கொடிகளின் பெயர் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. இன்று வேலை செய்யும் கட்டளை அடுத்த புதுப்பிப்பில் செல்லாமல் போகலாம். படிக்கிற பிள்ளையின் மெஷினில் அப்படி ஒன்றைச் செய்துவைக்க எனக்கு மனமில்லை. வீடியோவுக்கு ஃபயர்ஃபொக்ஸ் என்பதே என் முடிவு.

எல்லாம் முடிந்ததும் ஒரு சாட்சி வேண்டும். இன்டெல் ஜிபியூ கருவிப் பொதியில் "இன்டெல் ஜிபியூ டொப்" என்று ஒன்று இருக்கிறது. வீடியோவை ஓடவிட்டு அதைத் திறந்தால் "வீடியோ" என்ற வரியில் சதவீதம் அசைய வேண்டும். அது பூச்சியத்தில் நின்றால், எந்தப் பக்கம் என்ன சொன்னாலும் சுற்று வேலை செய்யவில்லை. நான் எந்த மெஷினையும் இதைப் பார்க்காமல் திருப்பிக் கொடுப்பதில்லை.

இனி நம் ஊருக்கு மிக முக்கியமான ஒன்று. வெளியூர் வழிகாட்டிகள் இதை அதிகம் பேசுவதில்லை. எச்.264 சுற்றுக்கு இலகு, ஆனால் அதே தரத்துக்கு விபி9ஐவிட கணிசமாகக் கூடுதல் டேட்டா பிடிக்கும். அளவில்லா இணையம் உள்ள வீட்டில் இது ஒரு பொருட்டல்ல. ரீலோட் போட்டு, கிழமைக் கடைசியில் டேட்டா முடிந்துவிடுமோ என்று பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும் வீட்டில் இது பெரிய பொருட்டு. ஆகவே எல்லோருக்கும் எச்264இஃபை போட்டுக் கொடுத்துவிட்டுப் போவதும் சரியல்ல. மூன்றாம் தலைமுறை ஐ5 480பி விபி9ஐ மென்பொருளாலேயே அதிகம் மூச்சு வாங்காமல் விரித்துவிடும். ஆசிரியர் முகம் பார்த்துக் கேட்கும் வரலாறு, தமிழ், பொருளியல் பாடங்களுக்கு 480பி விபி9 போதும், டேட்டாவும் மிச்சம். பலகையில் சின்ன எழுத்தில் கீழொட்டும் மேலொட்டுமாக எழுதும் இரசாயனவியலுக்கும் இணைந்த கணிதத்துக்கும் 720பி வேண்டும், அங்கே எச்.264 போடுங்கள். "என்ஹான்ஸ்ட் எச்264இஃபை" என்ற நீட்சியில் ஏவி1ஐ மட்டும், அல்லது 60 சட்டக வீடியோவை மட்டும் தடுக்கும் தெரிவுகளும் இருக்கின்றன. அதில் ஏவி1ஐத் தடுத்து விபி9ஐ விட்டுவைத்தால் பல வீடுகளுக்கு நடுவான ஒரு வழி கிடைக்கும். பாடத்துக்கு 60 சட்டகம் எந்த உதவியும் செய்யாது. வேலையை மட்டும் இரட்டிப்பாக்கும்.

பெட்டரிக் கணக்கையும் மறக்காதீர்கள். 2022 மார்ச் 31ஆம் திகதி நாட்டில் 13 மணிநேர மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதங்களில் ஒரு பாடத்தை முழுதாகப் பார்த்து முடிக்க முடிந்ததா, பாதியில் திரை இருண்டதா என்பதைத் தீர்மானித்ததில், விரிப்பது சிபியூவா சுற்றா என்பதற்கும் பங்கு இருந்தது. மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் இங்கே இன்றைக்கும் அதே கதைதான்.

பென்டிரைவில் வரும் பாடங்களுக்குப் பிரௌசரே வேண்டாம். சூமில் பதிவுசெய்த வகுப்புகள் எம்பி4 கோப்பாக, எச்.264 கொடெக்கில்தான் வரும். பழைய சுற்றுக்கு அது கைவந்த உணவு. எம்பிவி பிளேயரில் "எச்டபிள்யூடெக்" தெரிவை "ஓட்டோ" என்று வைத்துத் திறந்தால், நான்காம் தலைமுறை மெஷினில்கூட இரண்டு மணிநேர வகுப்பு சத்தமில்லாமல் ஓடும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்ப் பகுதியும் இருக்கிறது, அங்கிருந்து தொடங்கலாம்.

உண்மையிலேயே ஏலாத மெஷின்களும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். கோர் 2 டுவோ காலத்து மெஷினில் இன்றைய யூடியூப் பக்கமே பாரம். ஹார்ட் டிஸ்க்கோடும் இரண்டு ஜிபி ரேமோடும் வருவதில், வீடியோவைச் சுற்றில் ஏற்றினாலும் மற்றதெல்லாம் திணறும்; முதலில் எஸ்எஸ்டி, ரேம் என்று போக வேண்டும். ஃபேனில் பல வருடத் தூசி அடைத்திருந்தால் சிப் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சுத்தம் செய்து, வெப்பப் பசை மாற்றாமல் எந்த மென்பொருள் மாற்றத்தையும் நம்ப வேண்டாம். இவற்றையெல்லாம் பார்த்து முடித்த பிறகு "வேற எடுங்க" என்று சொன்னால் அதற்கு மதிப்பு இருக்கிறது.

கடலுக்கு அந்தப் பக்கம் மூணாறிலும் நம்மைப் போலத் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கேரளப் பொதுப் பள்ளிகளில் கணினிக் கல்வி நீண்ட காலமாக லினக்ஸில்தான் நடக்கிறது. மாநிலத்தின் கைட் நிறுவனமே பள்ளிகளுக்கான லினக்ஸ் பதிப்பைத் தயாரித்துக் கொடுக்கிறது. 2020 ஜூன் 1ஆம் திகதி அவர்கள் தொடங்கிய ஃபர்ஸ்ட் பெல் வீடியோ வகுப்புகள் பின்னர் தமிழ்வழியிலும் வந்தன. நம் நாட்டிலும் ஃபெடோராவை அடிப்படையாக வைத்து ஹந்தானை லினக்ஸ் என்று மாணவர்களுக்காக ஒன்றைச் செய்தவர்கள் இருந்தார்கள். செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை. அங்கே ஒரு அரசு நிறுவனம் மொத்தமாகச் செய்வதை இங்கே நாம் ஒவ்வொரு மெஷினாகச் செய்துகொண்டிருக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை வாசிக்கும் டியூஷன் சேர்மாருக்கும் மிஸ்மாருக்கும் ஒரு வேண்டுகோள். பாடத்தைப் பதிவுசெய்து கோப்பாகக் கொடுக்கும்போது எச்.264, 720பி, 30 சட்டகத்தில் கொடுங்கள். பலகைப் பாடம் என்றால் எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள். 480பியில் பார்க்கும் பிள்ளைக்கும் தெரியும். தோட்டத்தில் லப்டொப் பார்க்கத் தெரிந்த தம்பி தங்கச்சிமாரிடம் கேட்பது: யாராவது "வீடியோ திக்குது" என்று கொண்டுவந்தால், பஃபரையும் கொடெக்கையும் விஏஇன்ஃபோவையும் பார்த்துவிட்டு வாயைத் திறவுங்கள். பார்த்தும் பிடிபடாவிட்டால், மெஷின் மொடல், லினக்ஸ் பதிப்பு, விஏஇன்ஃபோ காட்டியது, இந்த மூன்றையும் கீழே எழுதுங்கள். சேர்ந்து பார்ப்போம்.